பெட்டி யார் கையில்? – ஒரு சி.என்.சி. வரலாறு

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ரவுட்டர்னதும் மூலையில பச்சை விளக்கு மினுக்கிக்கிட்டு இருக்கற இன்டர்நெட் டப்பா ஞாபகம் வந்தா, இது அது இல்லை. தச்சு வேலைக்காரங்க கையில பிடிச்சு மரத்துல பள்ளம் எடுப்பாங்களே, அந்த ரவுட்டர். அதைக் கையால பிடிக்காம ஒரு சட்டத்துல மாட்டி, மூணு மோட்டார் வச்சு, கம்ப்யூட்டர் சொல்ற வழியில ஓட விட்டா அதுதான் சி.என்.சி. ரவுட்டர். கதவுல வேலைப்பாடு, பெயர்ப்பலகை, பொம்மை, கிட்டார் உடம்பு, எல்லாம் வெட்டும்.

இந்த மெஷின்ல சட்டம், தண்டவாளம், திருகு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மூளை மட்டும் ஒரு தகரப் பெட்டிக்குள்ள உட்கார்ந்திருக்கும். கன்ட்ரோல் பாக்ஸ். உள்ளே பவர் சப்ளை, மோட்டாரை ஓட்டுற டிரைவர்கள், ஒரு சின்ன போர்டு, ரிலே, வெளியே ஒரு சிவப்புக் குமிழ். ரெடிமேடாவும் கிடைக்கும். ஆனா என்னை மாதிரி கிறுக்குப் பிடிச்ச ஆசாமிகள் சொந்தமாத்தான் கட்டுவோம் :-)

என் பெட்டியில ஒவ்வொரு வயரா முறுக்கிக்கிட்டு இருந்தப்போ ஒரு கேள்வி குடைய ஆரம்பிச்சது. இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது? மெஷினை ஓட்டுற புத்தி முன்னாடி ஒரு மனுஷனோட கையிலதானே இருந்தது, அதை யார் எடுத்துப் பெட்டிக்குள்ள போட்டாங்க? தேடித் தேடிப் படிச்சதுல கிடைச்சது வெறும் தொழில்நுட்பக் கதை இல்லை. சண்டை, துரோகம், பனிப்போர், இலவசம்னு ஒரு முழு நீளப் படம். அதைத்தான் இங்க எழுதறேன்.

இறக்கையும் 200 புள்ளிகளும்

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம், ட்ராவர்ஸ் சிட்டி. ஜான் பார்சன்ஸ் என்பவருடைய நிறுவனம் ஹெலிகாப்டர்களுக்குச் சுழலும் இறக்கை செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. இறக்கையின் குறுக்குவெட்டு ஒரு வளைகோடு. அந்த வளைவுக்கு வடிவமைப்பாளர்கள் கொடுத்தது 17 புள்ளிகள் மட்டும். நடுவில் இருக்கறதை வளைகோல் வச்சு வரைஞ்சு, உலோகத் தகட்டுல அளவுவார்ப்பு செய்யணும். கொஞ்சம் கோணினாலும் இறக்கை கோணல். இறக்கை கோணினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை.

பார்சன்ஸிடம் வேலைக்கு வந்த ஃப்ராங்க் ஸ்டூலன் என்ற பொறியாளர் ஒரு யோசனை சொன்னார். கணக்குப் பிரிவுகளில் சம்பளப் பட்டியல் போட வச்சிருந்த ஐ.பி.எம். துளை அட்டை இயந்திரத்துல வளைகோட்டுக் கணக்கைப் போட்டா என்ன? போட்டார்கள். 17 புள்ளி 200 புள்ளியாச்சு.

அடுத்த சிக்கல், அந்த 200 புள்ளிக்கும் மெஷினை எப்படிக் கொண்டு போறது? ஒருத்தர் பட்டியலைப் பார்த்து எண்ணை உரக்கப் படிப்பார். இன்னொருத்தர் இடம்-வலம் சக்கரத்தைச் சுத்துவார். மூணாவது ஆள் முன்-பின் சக்கரத்தைச் சுத்துவார். நம்ம ஊர்ல தம்போலா ஆட்டத்துல நம்பர் கூப்பிடற மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

பார்சன்ஸுக்குப் பொறி தட்டியது இங்கேதான். எண்ணைப் படிக்கறதும் சக்கரம் சுத்தறதும்தான் வேலைன்னா, அதுக்கு எதுக்கு மூணு மனுஷன்? அட்டையை மெஷினே படிக்கட்டும், மோட்டாரே சுத்தட்டும். (1800களின் தொடக்கத்தில் ஃபிரான்சில் ஜக்கார்ட் துளை அட்டையால தறி ஓட்டினவர்தான். ஆனா நூலைத் தூக்கறது வேற, அலுமினியத்தைக் கடிக்கிறது வேற.) தன் யோசனைக்கு 'கார்டமாட்டிக்'னு பேர் வச்சு அமெரிக்க விமானப் படையிடம் போனார். 1949ல் 2 லட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைச்சது.

ஐந்து பீரோ மூளை

மோட்டாரைச் சொன்ன இடத்துல துல்லியமா நிறுத்தற கலை பார்சன்ஸுக்குத் தெரியாது. அதனால எம்.ஐ.டி.யின் சர்வோமெக்கானிசம்ஸ் ஆய்வகத்துக்கு ஒரு பகுதி வேலையைக் கொடுத்தார். போர்க்காலத்துல பீரங்கியைத் திருப்பற கருவிகள்ல கை தேர்ந்த இடம் அது.

அங்கே ஆரம்பிச்சது வினை. பார்சன்ஸுக்கு வேண்டியது புள்ளிக்குப் புள்ளி நகரும் ஒரு எளிமையான மெஷின். எம்.ஐ.டி.காரங்களுக்கோ பாதை முழுக்கத் தொடர்ச்சியா கணக்குப் போட்டுக்கிட்டே போகும் பெரிய அமைப்பு வேணும். செலவு எகிறியது. ஒப்பந்தப் பணம் தீர்ந்தது. கடைசியில விமானப் படை நேரா எம்.ஐ.டி.யோடவே பேசிக்கிச்சு. யோசனை சொன்னவர் வாசலுக்கு வெளியே!

1952 செப்டம்பர்ல எம்.ஐ.டி. தன் மெஷினை உலகத்துக்குக் காட்டியது. சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் என்ற மில்லிங் மெஷின். அதை ஓட்ட ஏழு வரிசைத் துளைகள் உள்ள காகித நாடா. நாடாவைப் படிச்சுக் கணக்குப் போட சுமார் 250 வெற்றிடக் குழல்கள், 175 ரிலேக்கள். எல்லாம் சேர்ந்து ஃப்ரிட்ஜ் அளவுல ஐந்து பீரோ. மெஷினை விட அதன் பெட்டி பெரிசு!

இப்போ நம்ம பெட்டிக்குள்ள இருக்கற அத்தனை உறுப்பும் அந்த ஐந்து பீரோவிலேயே இருந்தது. கட்டளையைப் படிக்கிற பகுதி, அதைத் துடிப்புகளா மாத்துற பகுதி, துடிப்பை மோட்டார் சக்தியாக்குற பகுதி. எழுபது வருஷத்துல உறுப்புகள் சுருங்கியிருக்கு, ஆனா வம்சம் அதேதான். ஒரே ஒரு பெரிய வித்தியாசம் சொல்லலாம். எம்.ஐ.டி. மெஷின் போன இடத்தைத் திரும்ப அளந்து சரிபார்த்துக்கும். நாம வீட்டுல கட்டுற ஸ்டெப்பர் மோட்டார் பெட்டி பெரும்பாலும் அப்படிச் செய்யாது. "நாலு அடி வை"ன்னா வச்சிருப்பான்னு நம்பிக்கிட்டே இருக்கும். கடவுள் பக்தி மாதிரி.

பார்சன்ஸ் சும்மா இருந்துடலை. 1952 மே மாதமே காப்புரிமைக்கு மனுப் போட்டார். எம்.ஐ.டி. போட்டது ஆகஸ்ட்ல. பார்சன்ஸுக்கு 1958ல் கிடைச்சது. பெண்டிக்ஸ் நிறுவனம் அந்த உரிமையை வாங்கியது. 1985ல் பார்சன்ஸுக்கும் ஸ்டூலனுக்கும் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம். 2007ல் 93 வயசுல பார்சன்ஸ் காலமானார். தாமதமானாலும் வாழ்ந்தபோதே மரியாதை கிடைச்சதே, அதுவரைக்கும் சந்தோஷம்.

யார் கை?

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச (கொஞ்சம் வலிக்கிற) பகுதி.

அதே காலத்துல இன்னொரு வழியும் இருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற இடங்கள்ல 1940களின் பிற்பகுதியில செஞ்சு பார்த்தாங்க. பேரு ரெக்கார்ட்-பிளேபேக். அனுபவமுள்ள தொழிலாளி முதல் பொருளைத் தன் கையாலயே வெட்டுவார். அவர் கை போன போக்கெல்லாம் காந்த நாடாவுல பதிவாகும். அப்புறம் நாடாவை ஓட விட்டா மெஷின் அவரை மாதிரியே வெட்டிக்கிட்டே இருக்கும். வித்வான் ஒரு தடவை பாட, கேசட் ஆயிரம் தடவை பாடற கதை.

இந்த வழி செத்துப் போச்சு, எண் வழி ஜெயிச்சது. ஏன்?

டேவிட் நோபிள்னு ஒரு வரலாற்றாசிரியர். எம்.ஐ.டி.யிலேயே பாடம் நடத்தினவர். 1984ல் 'ஃபோர்சஸ் ஆஃப் ப்ரொடக்ஷன்' என்ற புத்தகத்துல இதுக்கு ஒரு பதில் சொன்னார். ரெக்கார்ட்-பிளேபேக்ல திறமை தொழிலாளி கையிலேயே தங்கிடுது. நாடாவை உருவாக்க அவர் வேணும். எண் வழியிலோ நாடா ஆபீஸ் அறையில, பொறியாளர் மேஜையில பிறக்குது. பட்டறையில நிக்கிறவர் பொத்தானை அமுக்கினா போதும். நிர்வாகத்துக்கும் ராணுவத்துக்கும் பிடிச்சது இரண்டாவது வழி, அதனாலதான் அது ஜெயிச்சதுங்கறார்.

நான் இதை முழுசா ஒத்துக்க மாட்டேன். விமான இறக்கையின் சில வளைவுகளை எந்த மனுஷக் கையாலும் முதல் தடவை வெட்டிக் காட்ட முடியாது. கையால முடியாததைப் பதிவு செய்றது எப்படி? கணக்குதான் அங்க வழி. ஆனா சாதாரண லேத் பட்டறையில செய்ற முக்காவாசிப் பொருளுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அங்கே நோபிள் சொல்றதுல நிறைய உண்மை இருக்குன்னுதான் படுது. ஆரம்பத்துல தொழிற்சாலைகள்கூட இந்த மெஷினை ஆசைப்பட்டு வாங்கலை. அமெரிக்க ராணுவத் துறையே நூத்துக்கும் மேல மெஷின்களை வாங்கிக் கொடுத்துத்தான் சந்தையையே உண்டாக்கினாங்க. சந்தை தேர்ந்தெடுத்ததுன்னு சொல்ல முடியாதபடிக்கு வாங்கினவரும் ஒருத்தர், விலை கொடுத்தவரும் அவரே.

இந்த மாற்றத்தை நேர்ல பார்த்துக் கலங்கின ஒருத்தர் எழுத்தாளர் கர்ட் வானகெட். அப்போ ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில விளம்பரப் பிரிவு வேலை. ஜெட் எஞ்சின் பாகத்தை மெஷின் தானா வெட்டறதைப் பார்த்ததுதான் அவருடைய முதல் நாவலுக்கு விதை. 'ப்ளேயர் பியானோ', 1952. எம்.ஐ.டி. மெஷினைக் காட்டின அதே வருஷம்!

இன்னொரு பக்கம், நாடாவை எழுதறதே பெரும் தலைவலி. அதுக்காக எம்.ஐ.டி.யில டக்ளஸ் ராஸ் குழு ஏ.பி.டி.ன்னு ஒரு மொழி செஞ்சாங்க. 1959ல் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, அந்த மொழியால வெட்டின அலுமினிய ஆஷ் ட்ரே ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாங்களாம். உலகத்தின் முதல் சி.என்.சி. அன்பளிப்புகள்ல அதுவும் ஒண்ணா இருக்கும்! பிறகு வந்ததுதான் இன்னிக்கு நாம அனுப்பற ஜி-கோட். ஜி0ன்னா வேகமா போ, ஜி1ன்னா வெட்டிக்கிட்டே போ. ஆர்.எஸ்.-274-டி என்ற அதன் தரநிலை 1980 வாக்குல வந்தது. நாம வீட்டுல ஓட்டறதும் அதன் கிளைமொழிதான்.

ரேடியோவை உடைச்ச கதை

பெட்டியில என்ன பெரிய ரகசியம்னு நினைக்கறவங்களுக்கு ஒரு சம்பவம்.

1980களின் தொடக்கம். சோவியத் யூனியனுக்கு நீர்மூழ்கிக் கப்பல் விசிறிகளைச் சத்தம் குறைவா சுத்தற மாதிரி வெட்ட மெஷின் வேணும். ஒன்பது அச்சு மில்லிங் மெஷின்களை ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனம் கொடுத்தது. அதை ஓட்டற கன்ட்ரோல் பெட்டி? நார்வேயின் காங்ஸ்பெர்க். இரண்டுமே கோகாம் என்ற மேற்கு நாடுகளின் ஏற்றுமதித் தடைக்கு விரோதம், அதனால ஆவணங்கள்ல எளிமையான மெஷின்னு பொய் எழுதி அனுப்பினாங்க. 1987ல் விஷயம் வெடிச்சது. தாய் நிறுவனமான தோஷிபாவின் தலைவர்கள் பதவி விலகினாங்க. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் கட்டிடத்துக்கு வெளியே வந்து, சம்மட்டியால ஒரு தோஷிபா ரேடியோவை அடிச்சு நொறுக்கினாங்க. கேமராக்கள் முன்னாடி. ரேடியோ என்ன பாவம் பண்ணுச்சோ!

மெஷின் ஜப்பான்ல, பெட்டி நார்வேயில. இரும்பு மட்டும் போதாது, பெட்டி இல்லாம அது வெறும் எடைன்னு இரண்டு தரப்புக்கும் தெரிஞ்சிருந்தது, பாருங்க.

அரசாங்கம் கொடுத்த இலவசம்

1990கள் வரைக்கும் பெட்டி என்பது மூடின உலகம். ஃபனுக் மாதிரி பெரிய கம்பெனிகள் செய்யும், நாம வாங்கணும். (ஃபனுக் 1956ல் ஃபுஜிட்சுவுக்குள்ள பிறந்து 1972ல் தனி நிறுவனமானது.) உள்ளே என்ன ஓடுதுன்னு கேட்கக் கூடாது. பழுதானா அவங்க ஆள்தான் வரணும்.

பூட்டைத் திறந்தது ஆச்சரியமா ஒரு அரசாங்க ஆய்வகம். அமெரிக்காவின் தரநிலை நிறுவனம் நிஸ்ட். சாதாரண பி.சி.யிலேயே ஓடற கன்ட்ரோலர் மென்பொருளை எழுதினாங்க. பேரு இ.எம்.சி. அமெரிக்க அரசு ஊழியர் வேலையா எழுதினதுக்கு அந்த நாட்டுல காப்புரிமை கிடையாது, பொதுச் சொத்து. மூல நிரலோட வெளியே வந்தது. ஆர்வலர்கள் லினக்ஸ்ல வளர்த்தாங்க. பிறகு அதே எழுத்துகளைப் பேரா வச்சிருந்த ஒரு சேமிப்பகக் கம்பெனி வணிகக் குறி விஷயத்தைக் கிளப்ப, 2011 வாக்குல லினக்ஸ்சிஎன்சின்னு பேர் மாறிச்சு. விண்டோஸ்காரங்களுக்கு ஆர்ட் ஃபெனர்ட்டி எழுதின மாக்3 வந்தது. 2000களில் வீட்டுப் பட்டறைகள் முக்காவாசி அதுல ஓடுச்சு.

இதுல அழகே, மோட்டாருக்குத் துடிப்பு போன வழி. பிரிண்டர் போர்ட்! 25 பின். அதுல எட்டு டேட்டா பின். ஒரு மோட்டாருக்கு 'அடி வை', 'திசை' என இரண்டு கம்பி. எட்டைரெண்டால வகுங்க, நாலு மோட்டார். காகிதத்துல எழுத்து அடிக்க வச்ச ஓட்டை, மரத்துல எழுத்து வெட்டவும் அளவெடுத்த மாதிரி பொருந்திருச்சு. போதாக்குறைக்கு உள்ளே வர ஐந்து பின் வேற, லிமிட் சுவிட்சுக்கும் சிவப்புக் குமிழுக்கும்.

ஒரு சின்ன ஆபத்தும் இருந்தது. பி.சி. ஆன் ஆகும்போது அந்தப் பின்கள் கண்டபடி துடிக்கும், மெஷின் திடீர்னு எகிறும். அதுக்கு ஒரு தந்திரம் செஞ்சாங்க. மென்பொருள் உயிரோட இருக்கற வரைக்கும் ஒரு பின்ல இடைவிடாம துடிப்பு அனுப்பும். துடிப்பு வந்தாத்தான் ரிலே ஒட்டும். நாடி பார்த்துட்டு மருந்து கொடுக்கற வைத்தியர் மாதிரி.

இதே காலத்துல அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துல நரம்பியல் பேராசிரியரா இருந்த டெட் ஹால் என்பவருக்கு ஒட்டுப்பலகையில படகு கட்ட ஆசை. பலகை வெட்டற சி.என்.சி. விலையைக் கேட்டார், மயக்கம் வந்தது. தானே ஒண்ணு கட்டினார். அதுவே 1990களின் நடுவுல ஷாப்பாட் நிறுவனமாச்சு. தச்சுப் பட்டறைக்குள்ள சி.என்.சி. நுழைஞ்சதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

உள்ளங்கை அளவு

2005ல் இத்தாலியில அர்டுயினோ பிறந்தது. 2009ல் சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் என்ற நார்வேகாரர் ஜிஆர்பிஎல் எழுதினார். பிறகு சங்கன் ஜியான் அதை எடுத்து வளர்த்தார். அர்டுயினோ ஊனோ போர்டுல இருக்கற நினைவகம் வெறும் 2 கிலோபைட். இந்தப் பதிவே அதை விடப் பெரிசு! அந்த இத்தனூண்டு இடத்துல ஜி-கோட் படிச்சு, வளைவுல எங்க வேகம் குறைக்கணும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு, நொடிக்கு 30,000 துடிப்பு வரைக்கும் கொடுக்கும்.

போதுமா? கணக்குப் பார்ப்போம். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுத்துக்கு 200 அடி. டிரைவர்ல ஒவ்வொரு அடியையும் பத்தா பிரிச்சா 2,000. திருகு ஒரு சுத்துக்கு 5 மி.மீ. நகர்த்தினா, ஒரு மி.மீ.க்கு 400 துடிப்பு. நிமிஷத்துக்கு 3,000 மி.மீ. வேகம்னா நொடிக்கு 50 மி.மீ., அதாவது 20,000 துடிப்பு. தாராளமா போதும். ஒரு துடிப்புக்கு 0.0025 மி.மீ. எம்.ஐ.டி.யின் ஐந்து பீரோ ஒரு துடிப்புக்கு அங்குலத்தில் 0.0005 நகர்த்தியது, அதாவது சுமார் 0.0127 மி.மீ. காகிதக் கணக்குல நம்ம பெட்டி ஐந்து மடங்கு நுணுக்கம்! (நிஜத்துல சட்டம் வளையும், திருகு ஆடும், மரம் ஈரத்துல உப்பும். துடிப்பு நுணுக்கம் வேற, வெட்டுத் துல்லியம் வேற. அதைச் சொல்லாம விட்டா பட்டறை நண்பர்கள் அடிக்க வருவாங்க.)

நம்ம பெட்டி

கட்டப் போறவங்களுக்கு வரலாறு சொல்லித்தர சில பாடங்கள், சுருக்கமா.

சிவப்புக் குமிழை மென்பொருளை நம்பி விடாதீங்க. அது நேரடியா கரன்ட்டை வெட்டணும். மூடிய நிலையிலேயே கரன்ட் ஓடற மாதிரி வயர் போடுங்க. வயர் அறுந்தாலும் மெஷின் நிக்கும். எலி கடிச்சாலும் பாதுகாப்பு பக்கமே கடிக்கும்.

ஓடற நேரத்துல டிரைவர்ல இருந்து மோட்டார் வயரைப் பிடுங்காதீங்க. சுருள்ல இருக்கற சக்தி போக இடமில்லாம டிரைவரைச் சாப்பிட்டுடும். பவர் சப்ளை கெபாசிட்டருக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் வைங்க. சுவிட்சை அணைச்ச பிறகும் கெபாசிட்டர் கரன்ட்டை வச்சுக்கிட்டுக் காத்திருக்கும்.

ஸ்பிண்டிலுக்கு வி.எஃப்.டி. வைக்கறீங்கன்னா அதுதான் பெட்டியின் ரவுடி. அதன் இரைச்சல் லிமிட் சுவிட்ச் வயர்ல ஏறினா, தொடாத சுவிட்சைத் தொட்டதா மெஷின் நினைச்சு நின்னுடும். ஷீல்டு கேபிள் போட்டு, சிக்னல் வயரைத் தள்ளிக் கொண்டு போங்க. தகரப் பெட்டியையும் மெஷின் சட்டத்தையும் கட்டாயம் எர்த் பண்ணுங்க. 230 வோல்ட் பகுதி தெரியலைன்னா தெரிஞ்ச எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, இதுல வீரம் வேண்டாம். மின்விசிறிக்கு வடிகட்டி போடுங்க, மரத்தூள் எங்கேயும் போகும்.

கடைசியா ஒரு வேலை. எந்த வயர் எங்கே போகுதுன்னு ஒரு தாள்ல வரைஞ்சு, பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க. என் பெட்டியில ஒட்டியிருக்கேன். மூடின பெட்டியைக் கொடுத்துட்டு, பழுதானா எங்களைக் கூப்பிடுன்னு சொன்ன காலத்துக்கு என்னாலான சின்ன பதில் அது.

நோபிள் கேட்ட கேள்வி ஆலைகளுக்குள்ள இன்னும் தீரலை. பொத்தான் அமுக்கறவர் ஒருத்தர், எழுதறவர் இன்னொருத்தர்ங்கற பிரிவு அங்கே நிறைய இடத்துல அப்படியேதான் இருக்கு. ஆனா வீட்டுப் பட்டறையில வரைபவரும் நாமே, ஜி-கோட் எழுதறவரும் நாமே, பொத்தானும் நம்ம விரல்ல, பெட்டியைத் திறக்கற ஸ்க்ரூடிரைவரும் நம்ம கையில. கையில இருந்து பிடுங்கிப் பெட்டிக்குள்ள வச்சதை, பெட்டியோட சேர்த்து வாங்கியாச்சு.

உங்கள்ல யாராவது பட்டறையில லேத், மில்லிங்னு வேலை பார்த்தவங்க வீட்டுல இருந்தா, சி.என்.சி. வந்த வருஷம் என்ன ஆச்சுன்னு அவங்ககிட்ட கேட்டு எழுதுங்களேன். அமெரிக்கக் கதை புத்தகத்துல இருக்கு. நம்ம கதை அவங்க வாய்லதான் இருக்கு.